லேசர் யந்திரம் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தின் வாயிலில் வைக்கப்பட்டிருந்த மரப்பலகைக் கோலத்தையும், பரிசு பெற்ற குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட பெயர் பொறித்த கேடயங்களையும் கண்ட அன்பர்கள் பலர், அவை எங்கே செய்யப்பட்டவை என்று விசாரித்தனர். என் மனைவி நடத்திவரும் சிறு பட்டறையில் லேசர் யந்திரத்தால் அறுத்தும் பொறித்தும் செய்தவை அவை என்று அறிந்ததும், அவர்களில் நால்வர் என்னைத் தனித்தனியே அழைத்து, "அந்த யந்திரம் என்ன விலை? நாங்களும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டனர். அந்த நால்வரில் ஒருவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியவர். கைக்கு வரும் தொகையைக் கொண்டு மகனுக்கு ஒரு தொழில் அமைத்துக் கொடுக்க எண்ணுபவர். விலையை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு போய் யந்திரத்தை வாங்கிய மனிதர் ஒருவரை நான் நன்றாக அறிவேன். அவர் வேறு யாருமல்லர், நானேதான். ஆகவே நால்வருக்கும் சேர்த்து இங்கே விவரமாக எழுதுகிறேன். நான் எஞ்சினீயர் அல்லேன். கோப்புகளோடு காலம் கழிக்கும் ரயில்வே குமாஸ்தா. பட்டு அறிந்ததையே சொல்கிறேன்.

லேசர் ஒளிக்கு வித்தாகிய கருத்தை ஐன்ஸ்டீன் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1960-இல் தியோடர் மைமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி மாணிக்கக் கல் தண்டு ஒன்றைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். மரமும் அக்ரிலிக்கும் அறுக்க இன்று பெரிதும் பயன்படும் கரியமிலவாயு லேசரைக் கண்டுபிடித்தவரோ, நாம் பிழைக்க வந்திருக்கும் இதே மகாராஷ்டிரத்தில், பாராமதியில் 1938-இல் பிறந்த குமார் படேல் என்பவர். புணேயில் எஞ்சினீயரிங் பயின்று, அமெரிக்கா சென்று, பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றுகையில் 1964-இல் அவர் இதனைக் கண்டார். என் அலுவலகத்து மராத்திய நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அன்று முழுவதும் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

யந்திரத்தின் உயிர்நிலை ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய். அதனுள் கரியமிலவாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகிய வாயுக்களின் கலவை அடைத்து மூடப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 20,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தை அதனூடே செலுத்தும்போது, கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கற்றை ஒன்று பிறக்கிறது. மூன்று சிறு ஆடிகள் அதைத் திருப்பித் திருப்பி அனுப்ப, கடைசியில் உள்ள லென்ஸ் அதனை ஒரு புள்ளியில் குவிக்கிறது. சிறு வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடினோமே, அதே கதைதான். கணிப்பொறியில் வரைந்த கோட்டின் வழியே அந்தப் புள்ளி நகரும்போது, மரமோ அக்ரிலிக்கோ ஆவியாகி விலகி வழிவிடுகிறது. ஆனால் செலுத்தும் மின்சக்தியில் சிறு பகுதியே ஒளியாகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பம். அவ்வெப்பத்தை அகற்றுவதற்காகக் குழாயின் உள்ளே அமைந்த உறை ஒன்றில் ஓயாமல் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இக்கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் அந்த நீரை மட்டும் அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

சந்தையில் வேறு இரு வகைகளும் உண்டு. பைபர் லேசர் என்பது உலோகத்தில் எழுத்துப் பொறிப்பதற்கு ஏற்றது. மரம் அறுக்க உதவாது. டயோடு லேசர் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் நீல ஒளி வீசுவது. மெல்லிய பலகையை அறுக்கும். நிறமற்ற அக்ரிலிக்கை அறுக்க மாட்டாது, ஒளி அதனூடே புகுந்து போய்விடும். மூடி இல்லாமல் திறந்த சட்டமாகவே அது பல வேளைகளில் விற்கப்படுவதால் கண்ணுக்கு ஆபத்தும் மிகுதி. கரியமிலவாயு லேசர் யந்திரம் மரம், அக்ரிலிக், காகிதம், துணி, ரப்பர் முத்திரை ஆகியவற்றுக்கெல்லாம் பயன்படும். நம்மைப் போன்றோர் வாங்கக்கூடிய அளவில் உள்ளது உலோகத்தை அறுக்காது. இரும்புத் தகடும் வெட்டலாம் என்று யாரேனும் சொன்னால் அக்கடையை விட்டு வெளியேறிவிடுவது நல்லது.

நாங்கள் வாங்கியது 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில். இரண்டடிக்கு மூன்றடி படுக்கை, 80 வாட் குழாய், விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். அதில் பாதி சேமிப்பு. மறு பாதிக்கு என் மனைவி தன் வளையல்கள் இரண்டையும் வங்கியில் அடகு வைத்தாள். அவை அவளுடைய தாயார் அணிந்திருந்தவை. வெளியூர் வியாபாரியிடம் தொலைபேசியில் நான் கேட்டவை மூன்றே கேள்விகள்: எத்தனை வாட், எவ்வளவு பெரியது, எப்பொழுது வந்து சேரும். குளிரூட்டும் பெட்டியும் சேர்த்துத் தருவதாக அவர் சொன்னார். அதையும் "சில்லர்" என்றே பெயரிட்டுச் சொன்னார். பெயரைக் கேட்டே நான் திருப்தியடைந்தேன்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதங்களும் யந்திரம் தங்கமாக வேலை செய்தது. அலுவலகங்களுக்கு ரப்பர் முத்திரைகள், வீடுகளுக்குப் பெயர்ப்பலகைகள், மராத்தியக் குடும்பத் திருமணங்களுக்குப் பூவேலைப்பாடு செய்த அழைப்பிதழ் உறைகள் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. வைகாசியில் நானூறு உறைகளுக்கு முன்பணமும் கிடைத்தது. அப்பொழுதுதான் நம் நாகபுரியின் வெயில் தன் சுயரூபத்தைக் காட்டலாயிற்று. வெளியே 45 டிகிரி. தகரக் கூரை வேய்ந்த எங்கள் வாடகை அறைக்குள்ளேயே 41. முதலில் கோடுகள் மங்கின. காகிதத்தை ஒரே ஓட்டத்தில் அறுத்துக்கொண்டிருந்த ஒளி இரண்டாவது ஓட்டத்திலும் அறுக்கவில்லை. நான் மின்னோட்டத்தைக் கூட்டினேன். சற்று அறுத்தது. மறுநாள் இன்னும் கூட்டினேன். நான்காம் நாள் மாலை என் மனைவி நீர் திரும்பிவரும் ரப்பர் குழலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வெந்நீராக அல்லவா இருக்கிறது, பாருங்கள்!" என்றாள். நான் தொட்டுப் பார்ப்பதற்குள் கண்ணாடி விரியும் ஒலி கேட்டது. குழாய்க்குள் எப்பொழுதும் தெரியும் இளஞ்சிவப்பு ஒளி அணைந்துவிட்டது.

இத்வாரியிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பெட்டி சி.டபிள்யூ. 3000 என்னும் வகை. அதில் இருப்பது ஒரு மின்விசிறியும், மோட்டார் வண்டியில் உள்ளதைப் போன்ற ரேடியேட்டரும்தான். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக நீரை ஆக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அறை 41 டிகிரி என்றால் நீர் அதற்கும் மேலே. ஆனால் குழாய் விரும்புவதோ 15 முதல் 25 டிகிரிக்குள். உண்மையில் குளிர்விப்பது, குளிர்பதனப் பெட்டியைப் போலக் கம்ப்ரஸர் உள்ள சி.டபிள்யூ. 5000 முதலிய வகைகளே. இரண்டையுமே கடைக்காரர்கள் சில்லர் என்றே அழைக்கிறார்கள். குளிர் தேசங்களில் முதல் வகை போதியதாக இருக்கலாம். நாகபுரி, ராய்ப்பூர், பிலாஸ்பூர் பக்கங்களில் இருக்கும் நம்மவர்கள், "இதில் கம்ப்ரஸர் உண்டா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது குற்றம் என்னுடையது. பட்டறைக்கு வரும் ஆழ்துளைக் கிணற்று நீரையே நான் ஊற்றியிருந்தேன். உடைந்த குழாயின் உட்புறத்தில், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போல, வெண்மையான உப்புப் படிந்திருந்தது. உப்பு வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. அதுமட்டுமன்று, உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். 20,000 வோல்ட் ஓடும் இடத்தில் அது எவ்வளவு விபரீதம் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. நீரிலும் உப்பு முழுவதும் நீங்கியிருப்பதில்லை. வண்டிகளின் பாட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரைத்தான் நாங்கள் இப்பொழுது வாங்கி ஊற்றுகிறோம். பெட்டி கொள்வது பத்து லிட்டருக்குள்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம். பாசி பிடித்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கில் விலையுள்ள குழாயைச் சில நூறு ரூபாய் நீர் காப்பாற்றுகிறது.

மூன்றாவது குற்றமும் என்னுடையதே. ஒளி குறையும்போது மின்னோட்டத்தைக் கூட்டினேன் என்றேன் அல்லவா? குழாய் தளர்வதற்குக் காரணம் வெப்பம். மின்னோட்டத்தைக் கூட்டினால் வெப்பமும் கூடும். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்ததற்கு ஒப்பாயிற்று. ஒவ்வொரு குழாய்க்கும் இத்தனை மில்லி ஆம்பியருக்கு மேல் போகலாகாது என்று ஓர் எல்லை உண்டு. அதைச் செய்தவர்களே குறிப்பிட்டிருப்பார்கள். அந்த எல்லையில் நான்கில் மூன்று பங்குக்குள் ஓட்டினால் குழாய் நீண்ட நாள் உழைக்கும். கணிப்பொறித் திரையில் தோன்றும் சதவிகிதத்தை நம்பிப் பயனில்லை. ஒரு மில்லி ஆம்பியர் மீட்டரை மின்சார வேலை நன்கு அறிந்தவரைக் கொண்டு பொருத்திக்கொள்வதே முறை. விலை அற்பம், யந்திரத்தோடு பல வேளை வருவதில்லை.

திருமண வீட்டாருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அதுவே எங்களுக்கு அதிக வருத்தமாயிருந்தது. புதுக் குழாய்க்கும் கம்ப்ரஸர் உள்ள பெட்டிக்கும் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. "குழாய்க்குக் காரண்டி இருக்கிறதே" என்று வியாபாரியை அழைத்துக் கேட்டேன். பில்லின் பின்புறத்தைப் பார்க்கச் சொன்னார். யந்திரத்துக்கு ஓர் ஆண்டு; கண்ணாடிக் குழாய், லென்ஸ், ஆடிகள் நீங்கலாக என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நாள் முழுவதும் பிறருடைய படிவங்களில் பொடி எழுத்தைத் தேடிப் பிழை கண்டுபிடிப்பது என் உத்தியோகம்!

ஆகவே இரண்டாம் முறை குழாய் வாங்கும்போது ஓர் அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் சென்றேன். குழாயின் சக்தியை அதன் நீளம் ஓரளவு காட்டிவிடும். 40 வாட் குழாய் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். 80 வாட் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர். 100 வாட் குழாய் ஒன்றரை மீட்டரை நெருங்கும். குட்டைக் குழாயின்மேல் பெரிய எண்ணை ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். செய்த தேதியையும் பார்க்க வேண்டும். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் வாயு நாளடைவில் கெட்டுப்போகும் இயல்புடையது. இரண்டு ஆண்டு பழைய சரக்கைப் புதியது என்று வாங்கலாகாது. யந்திரத்தையே நம் ஊரில், அல்லது ஓர் இரவு ரயில் பயணத்துக்குள், உதிரிப் பாகங்கள் வைத்திருப்பவரிடம் வாங்குவது விலையில் சில ஆயிரம் கூடினாலும் லாபம். கணிப்பொறி மென்பொருள் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. என் மனைவி இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

புதுப் பெட்டி வந்தபின் அறிவு முதிர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். ஆடி மாத மழையில் அந்த எண்ணமும் போயிற்று. குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்று நீரை 18 டிகிரியில் வைத்திருந்தேன். ஈரக் காற்றில் குளிர்ந்த செம்பின்மேல் நீர் துளிர்ப்பதைப் போலக் கண்ணாடிக் குழாயின்மேலும் முத்து முத்தாகத் துளிர்த்து, மின்கம்பி சேரும் முனையில் பொரிவதைப் போன்ற சத்தம் எழுந்தது. உடனே நிறுத்தியதால் தப்பினோம். இப்பொழுது மழைக்காலத்தில் 25, மற்ற காலங்களில் 20 முதல் 22 என்று வைக்கிறோம். பட்டறைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நீரின் வெப்பமும் மீட்டரின் எண்ணும் அதில் பதியப்படுகின்றன. அந்த நோட்டில் ஒரு நாளும் விடுபட்டதில்லை. அந்தப் பெருமை முழுவதும் என் மனைவியைச் சாரும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இது பணத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் சாவிக்கொத்துச் செய்யச் சொல்லி ரெக்ஸின் துண்டுகளைக் கொண்டுவந்தார். தோல்தானே என்று அறுத்தோம். மூக்கைக் குத்தும் நெடி எழுந்தது. என் மனைவிக்கு இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. பத்து நாளில் யந்திரத்தின் உள்ளே பளபளவென்றிருந்த இரும்புத் தண்டவாளங்களில் துரு படர்ந்தது. ரெக்ஸின் பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி. பி.வி.சி.யில் குளோரின் உண்டு. லேசர் பட்டதும் அது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவாக வெளிப்படுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். இரும்பை அரித்த அதே பொருள் நுரையீரலை விட்டுவைக்குமா? விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்போர்டு வகைகளிலும், வினைல் ஒட்டுத்தாளிலும் இதே பி.வி.சி. இருக்கும். அவற்றைக் கொண்டுவருபவர் எவ்வளவு கூலி கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக்கைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு செப்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அந்த பிளாஸ்டிக்கின்மேல் வைத்துச் சிறிது ஒட்டவிட்டு, மறுபடியும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று பொருள். காற்றோட்டமான வெளியிடத்தில், கையை நீட்டிப் பிடித்து, மிகச் சிறு துண்டில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எங்கள் பட்டறையில் புதுப் பொருள் எதுவும் இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை.

எம்.டி.எப். பலகையின் புகையும் நல்லதன்று. அதில் பசை இருக்கிறது. ஆகையால் புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறியும், அறைக்கு வெளியே, பிறர் சன்னலை நோக்காமல், உயரத்தில் சென்று முடியும் புகைக்குழலும் இன்றியமையாதவை. அறுக்கும் முனையில் காற்று ஊதும் சிறு கம்ப்ரஸரையும் நிறுத்தலாகாது. அக்காற்று லென்ஸின்மேல் புகை படியாமல் காக்கும், தீச்சுவாலையையும் அடக்கும். அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும். யந்திரம் ஓடும்போது ஒருவர் அருகில் நிற்கத்தான் வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பேசப் போகிறவர்களுக்கு இத்தொழில் ஆகாது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும். மூடியைத் திறந்துகொண்டு ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்.

அன்றாடப் பராமரிப்பு கடினமன்று. லென்ஸையும் ஆடிகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தாளால், அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி எடுக்க வேண்டும். லென்ஸ் துத்தநாக செலினைடு என்னும் பொருளால் ஆனது. உடைந்தால் அத்தூள் நஞ்சு, வெறுங்கையால் தொடலாகாது. தண்டவாளங்களை வாரம் ஒரு முறை துடைத்து, மெல்லிய எண்ணெய் இட வேண்டும். ஒளி ஆடிகளின் நடுவில் விழுகிறதா என்று மாதம் ஒரு முறை ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்க்க வேண்டும். படுக்கையின் நான்கு மூலைகளிலும் சுட்ட புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் சரி. முதல் முறை இதற்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. யந்திரத்துக்கென்று தனி நில இணைப்பு, அதாவது எர்த், போட்டுக்கொள்வதை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலிலேயே முடித்துவிட வேண்டும். மின்சக்தி தரும் பெட்டியை நாமே திறப்பது கூடவே கூடாது. நிறுத்திய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி நாம் சொந்தமாக வியாபாரம் செய்யலாகாது. குடும்பத்தில் ஒருவர் தொழில் நடத்தினால் அதை அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், நான் தெரிவித்திருக்கிறேன். குவார்ட்டர்ஸில் யந்திரத்தை வைத்து ஓட்டுவதும் சரியன்று. கடன் வேண்டுவோர் நகையை அடகு வைக்குமுன் வங்கியில் முத்ரா திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரையிலான கடன் கிஷோர் என்னும் பிரிவில் வருகிறது. நாங்கள் இதை அறிந்தது வளையல்கள் வங்கிக்குப் போன பிறகு.

ஓய்வுபெறப் போகும் அன்பர் நேரில் கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாடகையும் மின்கட்டணமும் சரக்கும் போக மாதம் பன்னிரண்டாயிரம் முதல் பதினெட்டாயிரம் வரை நிற்கிறது. விநாயக சதுர்த்திக்கு முன்னால், பிள்ளையார் அமரும் அலங்கார மண்டபங்களை மராத்தியக் குடும்பங்கள் பலகையில் அறுத்து வாங்கும் மாதத்தில், அதற்கு மேலும் வரும். மழை மாதங்கள் சிலவற்றில் வாடகைக்கே போதாமலும் இருக்கும். யந்திர விலையைப் போல மூன்றில் ஒரு பங்கைக் குழாய்க்கும் நீர்ப்பெட்டிக்கும் என்று தனியே எடுத்து வைக்க முடியுமானால் வாங்கலாம். முடியாதென்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருப்பது மேல்.

அவருடைய மகன் விரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பட்டறைக்கு வரட்டும். லென்ஸைத் துடைக்கவும் ஆடிகளைச் சீர்செய்யவும் என் மனைவி கற்றுத் தருவாள். விரிந்துபோன அந்தப் பழைய குழாயைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறோம். உப்புப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வளையல்களில் ஒன்றைச் சென்ற ஐப்பசியில் மீட்டுவிட்டோம். மற்றது இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.